கைப்பக்குவத்தையும் கணக்கையும் இடம் மாற்றி வைத்திருக்கிறீர்கள்

கேள்வி: நங்கநல்லூரில் இருக்கிறேன், வயது 36. குழந்தை பிறந்தபிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தபடியே ஷேர் டிரேடிங் பழகினேன். ஆரம்பத்தில் சில மாதம் நல்ல லாபம். சார்ட்டைப் பார்த்தாலே ஏறுமா இறங்குமா என்று உள்ளுக்குள் ஏதோ சொல்ல ஆரம்பித்தது, அதை நம்பி, பங்கின் பிற்கால விலையின் மேல் போடும் ஒப்பந்தமான ஆப்ஷனிலும் இறங்கினேன். போட்ட 3 லட்சத்தில் 70,000 போய்விட்டது. கணவரிடம் 20,000 என்றுதான் சொல்லியிருக்கிறேன். சமையலையாவது முறையாகச் செய்வோம் என்று டிஜிட்டல் தராசு வாங்கி கிராம் கணக்கில் அளந்து போடுகிறேன், அப்படியும் இட்லி மாவு ஒரு நாள் பொங்கி வழிகிறது, ஒரு நாள் அசையாமல் கிடக்கிறது. மாமியார் எதையும் அளப்பதில்லை, இட்லி பூப்போல வருகிறது. "எல்லாம் கைப்பக்குவம்" என்கிறார் அவர். "எல்லாம் கணக்கு" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? பேசாமல் மாமியார் பேரில் பங்குகளை வைக்கும் ஒரு டீமேட் கணக்கு திறந்துவிடலாமா? அவருக்குக் கைராசி அதிகம்.
– பெயர் வேண்டாம்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் அடுப்படியில் கணவர் பேச்சையும் பங்குச் சந்தையில் மாமியார் பேச்சையும் கேட்டிருக்கிறீர்கள். மாற்றிக் கேட்டிருந்தால் தராசுக் காசோடு போயிருக்கும்.

முதலில் மாவு. உங்கள் தராசு பொய் சொல்லவில்லை. நாலுக்கு ஒன்று என்று இட்லி அரிசியும் உளுந்தும் சரியாகத்தான் போடுகிறீர்கள். ஆனால் மாவைப் புளிக்க வைப்பது நுண்ணுயிர்கள், அவற்றுக்குக் கிராம் தெரியாது, சூடுதான் தெரியும். ஜனவரி ராத்திரியில் சென்னையில் 21 டிகிரி அளவுக்கு இறங்கும், மே மாதம் ராத்திரியிலும் 28 டிகிரி அளவில்தான் நிற்கும். அதனால் மே மாதத்தில் ஆறேழு மணி நேரத்தில் பொங்குகிற மாவு மார்கழியில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கேட்கும். யாரோ ஒருவர் வேறு ஊர்க் குளிரில் எடுத்த வீடியோவில் "எட்டு மணி நேரம்" என்று சொன்னதை வைத்துக்கொண்டு இங்கே அலாரம் வைத்தால் வழியத்தான் செய்யும். உளுந்தும் அப்படித்தான், புது உளுந்து உபரி காணும், பழசு காணாது. மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடாகிவிடும், அதற்காகத்தான் ஐஸ் தண்ணீர் விடுகிறார்கள்.

உங்கள் மாமியார் அளக்கவில்லை என்று நினைக்கிறீர்களே, அது தப்பு. அடுத்த முறை பக்கத்தில் நின்று பாருங்கள். அரைத்த உளுந்தில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுவார், மிதந்தால் போதும், முங்கினால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று விடுவார். அது காற்று எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார்க்கிற சோதனை, ஆய்வுக்கூடத்தில் செய்தால் அதற்கு ஒரு பெரிய பேர் வைத்திருப்பார்கள். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது கிண்ணத் தண்ணீரில் ஒரு துளி விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பதும் அதே கதைதான், உருண்டை பிடிக்கிற அந்தப் பதத்தில் பாகின் சூடு 112லிருந்து 116 டிகிரிக்குள் இருக்கும். விரல்தான் அங்கே தெர்மாமீட்டர். வருஷக்கணக்காக அதே ஆழாக்கு, அதே அஞ்சறைப் பெட்டிக் கரண்டி, அதே பாத்திரம் என்று அவர் மாற்றாமல் வைத்திருப்பதும் அளவுதான்.

ஆகவே அவரிடம் "எவ்வளவு போடணும், அத்தை?" என்று கேட்காதீர்கள், "கண் அளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், அது அவருக்கே வார்த்தையில் வராது. "எதைப் பார்த்து நிறுத்துனீங்க?" என்று கேளுங்கள். வற்றல் குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே வந்ததும், மாவில் குமிழி விட்டு வாசனை மாறியதும் என்று பதில் தானாக வரும். தராசைத் தூக்கிப் போட வேண்டாம், உப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது.

சரி, இதே பழக்கம் சந்தையில் ஏன் எடுபடவில்லை? அடுப்படி உடனே பதில் சொல்லும், உண்மையும் சொல்லும். உப்பு கூடினால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும், தப்பாகச் செய்த குழம்பு அதிர்ஷ்டத்தில் ருசியாக வராது. சந்தையில் அசட்டுத்தனமாக வாங்கினாலும் லாபம் வரும், யோசித்து வாங்கினாலும் நஷ்டம் வரும். 2024 ஜூன் 3ஆம் தேதி தேர்தல் கருத்துக்கணிப்பை நம்பி, பெரிய 50 பங்குகளின் குறியீடான நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கையன்று கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. 7ஆம் தேதி பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. அந்த வாரத்தில் வாங்கியவர், விற்றவர், பயந்து ஒதுங்கியவர் என்று மூன்று பேருமே ஏதாவது ஒரு நாள் சாயங்காலம் "எனக்கு அப்பவே தோணிச்சு" என்று சொல்லியிருக்கலாம். இப்படிப்பட்ட வாத்தியாரிடம் கைப்பக்குவம் எங்கே வரும்?

இது என் கண்டுபிடிப்பு இல்லை. உள்ளுணர்வைச் சந்தேகித்தே பேர் வாங்கிய உளவியலாளர் டேனியல் கானமனும், தீயணைப்பு அதிகாரிகளின் உள்ளுணர்வை வியந்து ஆராய்ந்த கேரி கிளைனும் 2009இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சூழலில் ஓர் ஒழுங்கு இருந்து, அதைப் பழகிப் பழகிக் கற்க வாய்ப்பும் இருந்தால் மட்டுமே உள்ளுணர்வை நம்பலாம் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். தனித்தனிப் பங்குகளின் விலையைக் கணிப்பதை அந்தப் பட்டியலில் அவர்கள் சேர்க்கவில்லை. உங்கள் முதல் சில மாத லாபம் சந்தை ஏறிக்கொண்டிருந்ததால் வந்ததா, உங்கள் திறமையால் வந்ததா என்று உங்களால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. எஃப் அண்ட் ஓவில், அதாவது ஃப்யூச்சரும் ஆப்ஷனும் சேர்ந்த வியாபாரத்தில், தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022லிருந்து 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள் என்று சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024 செப்டம்பரில் சொன்னது, அவர்கள் மொத்தமாக இழந்தது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அதனால் ஆப்ஷனை இன்றைக்கே நிறுத்துங்கள், இதில் நான் வழவழவென்று பேசப்போவதில்லை.

பங்கில் தொடர வேண்டுமென்றால் கணக்கு இப்படி. கையில் 2,30,000 இருக்கிறது. விட்டதைப் பிடிக்க 23 சதவீதம் போதாது, 30 சதவீதத்துக்கு மேல் சம்பாதிக்க வேண்டும், அந்த அவசரம்தான் அடுத்த 70,000ஐயும் கொண்டுபோகும். ஒரு தடவைக்கு ஒரு சதவீதம், அதாவது 2,300 ரூபாய்க்கு மேல் இழக்க மாட்டேன் என்று வையுங்கள். 460 ரூபாய்க்கு ஒரு பங்கு வாங்கி 450இல் ஸ்டாப் லாஸ், அதாவது அந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்கிற உத்தரவு, போட்டால் ஒரு பங்குக்கு 10 ரூபாய் போகும், ஆக 230 பங்குதான் வாங்கலாம், பிடித்திருக்கிறது என்பதற்காக 500 கிடையாது. (மறுநாள் காலையில் விலை ஒரேயடியாகக் கீழே திறந்தால் 450 கிடைக்காது, அதையும் மனதில் வையுங்கள்.) வாங்குவதற்கு முன்னால், வாங்கிய பிறகு அல்ல, ஒரு நோட்டில் ஏன் வாங்குகிறேன், எங்கே வெளியேறுவேன் என்று ஒரு வரி எழுதுங்கள். மாசக் கடைசியில் லாப நஷ்டத்தைப் பார்ப்பதற்கு முன் எழுதியபடி நடந்தேனா என்று டிக் போட்டுப் பாருங்கள்.

மனசு சொல்வதைக் கேட்கவே கூடாதா? ஒரு பக்கம் மட்டும் கேட்கலாம். எல்லா விதியும் பொருந்தியும் "இன்னிக்கு வேண்டாம்" என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், குழந்தைக்குக் காய்ச்சல், தூக்கமில்லை, நேற்று வீட்டில் சண்டை என்று அதற்குக் காரணம் இருக்கும், ஒரு வாய்ப்பு போவதால் குடி முழுகிவிடாது. "இன்னும் கொஞ்சம் போடு" என்று சொன்னால் மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இதையெல்லாம் ஆரம்பிப்பதற்கு முன்னால் கணவரிடம் 70,000 என்று சொல்லிவிடுங்கள். மறைத்த 50,000ஐச் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துவிடலாம் என்கிற நினைப்போடு உட்கார்ந்தால் மேலே சொன்ன எந்த விதியும் ஒரு வாரம் தாங்காது. கோபப்படுவார், படட்டும். "எல்லாம் கணக்கு" என்று சொன்னவர்தானே, அந்த நோட்டை அவரையே வாராவாரம் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த டீமேட் யோசனை. வேண்டவே வேண்டாம். கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவருடைய பான் எண்ணில்தான் லாபமும் நஷ்டமும் ஏறும், வருமான வரியிலிருந்து கடிதம் வந்தால் அவருக்குத்தான் வரும். அத்தையின் கைராசியில் நஷ்டம் என்று ஒரு தடவை ஆகிவிட்டால் வீட்டில் இட்லிக்கும் வழியிருக்காது.