மான் வேட்டைக்கு எந்த ஈயக் குண்டு?

கேள்வி: கொலராடோவில் இருக்கும் மச்சான் வரும் செப்டம்பரில் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கி போல குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற மஸில்லோடர்தானாம். 50 காலிபர் (குழல் துளை அரை அங்குலம்), குழலுக்குள் சுழன்று போகும் வரிகளின் முறுக்கு 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. உருண்டைக் குண்டை விட்டுவிட்டு கூம்புக் குண்டு வாங்கலாம் என்கிறார். எடை 245 கிரெயினிலிருந்து (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) 460 கிரெயின் வரை இருக்கிறதே, கனமானதை எடுப்பதுதானே நல்லது?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: இல்லை, மானுக்கு 460 கிரெயின் தேவையே இல்லை. எடையை அப்புறம் பார்க்கலாம், முதலில் முறுக்கைப் பாருங்கள். குண்டு நீளமாக ஆக அதை வேகமாகச் சுழற்றினால்தான் மூக்கு முன்னால் இருந்தபடியே பறக்கும். 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது உருண்டைக் குண்டுக்கும் குட்டையான கூம்புக் குண்டுக்கும் பொதுவாக வைத்த முறுக்கு. நீளமான, கனமான குண்டுகளுக்கு 28 அல்லது 32 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். மச்சானின் குழலுக்கு 250 முதல் 385 கிரெயின் வரை உள்ளவற்றில் இரண்டு மூன்று வகையைச் சுட்டுப் பார்ப்பேன். லீ நிறுவனத்தின் ரியல் குண்டு 250, 320 கிரெயினிலும், ஹார்னடி நிறுவனத்தின் கிரேட் ப்ளெயின்ஸ் 385 கிரெயினிலும் வருகின்றன. காகிதத்தில் விழும் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தால் குண்டு தடுமாறிப் போகிறது என்று அர்த்தம், அந்த வகையை அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

தேசிய சேவையில் நம் சிங்கப்பூர் ராணுவத்தின் சார் 21 துப்பாக்கியைச் சுட்டிருந்தால் அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். அதன் குண்டு சுமார் 4 கிராம்தான், 370 கிரெயின் கூம்புக் குண்டோ 24 கிராம், வேகமும் சார் 21-இல் பாதிகூட வராது. அதனால் தோளில் உதை பலமாக இருக்கும், 100 கெஜத்துக்கு அப்பால் குண்டு மளமளவென்று கீழே இறங்கும். அந்தத் தூரத்துக்குள் நெஞ்சுப் பகுதியில் ஒவ்வொரு முறையும் வைக்க முடியாவிட்டால் சுடவே வேண்டாம், ஏனென்றால் காயத்தோடு ஓடி மலைக்காட்டில் எங்கோ கிடந்து சாகும் மானுக்கு நாம்தான் பொறுப்பு.

குண்டு சுத்தமான மென் ஈயமாக இருக்கட்டும். கெட்டியான கலவை குழலின் வரிகளில் சரியாகப் பதியாது. தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த பூச்சு, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் கம்பளி வட்டு, இந்த இரண்டும் சுடும் துல்லியத்தை நிறைய மாற்றும். மருந்தை 70 கிரெயினில் தொடங்கி ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள், துப்பாக்கிக் கையேட்டில் உள்ள உச்ச அளவைத் தாண்டாதீர்கள், இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை ஒருபோதும் போடாதீர்கள்.

அப்புறம் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. துணி சுற்றிய உருண்டைக் குண்டு குழலைக் கவ்விக்கொண்டு இருக்கும், கூம்புக் குண்டு அப்படி அல்ல, துப்பாக்கியைத் தலைகீழாகத் தூக்கி நடந்தால் மெல்ல முன்னால் நகர்ந்துவிடலாம். மருந்துக்கும் குண்டுக்கும் இடைவெளி விழுந்த நிலையில் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும்! இடிகோலில் குண்டு சரியாக உட்கார்ந்த அளவுக்கு ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு காட்டில் அடிக்கடி சரிபாருங்கள்.

கொலராடோவின் மஸில்லோடர் பருவத்தில் பிளாஸ்டிக் உறை மாட்டிய சாபாட் குண்டு, வில்லைகளாக அழுத்திய வெடிமருந்து, துப்பாக்கியில் மாட்டும் தொலைநோக்கி எதுவும் கூடாது. 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். மான் உரிமம் குலுக்கலில்தான் கிடைக்கும், விண்ணப்பம் ஏப்ரல் வாக்கிலேயே முடிந்துவிடும், அதனால் குண்டு வாங்கும் முன் மச்சானிடம் அதைக் கேளுங்கள்.

கேள்வி: சுடாத குண்டு ஒன்றை மகனுக்கு நினைவுப்பொருளாகக் கொண்டுவரலாமா?
- அதே வாசகர்

பதில்: வேண்டாம். உரிமம் இல்லாமல் தோட்டாவோ அதன் பாகமோ கொண்டுவருவதை நம் நாட்டுச் சட்டம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது. கிளம்பும் முன் வேட்டைச் சட்டைப் பைகளையும் தோள்பையின் அடியையும் கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள், மீதமுள்ள மருந்து, அதைப் பற்றவைக்கும் கேப், குண்டு எல்லாம் மச்சான் வீட்டிலேயே இருக்கட்டும்.