ஹிரோஷிகே மழை அச்சு: 1857 முத்திரை இருந்தால் போதுமா?

ஜப்பானிய மரப்பலகை அச்சு ஓவியர் ஹிரோஷிகேயின் மழை அச்சு ஒன்று உங்களிடம் இருக்கிறது, அதில் 1857 முத்திரை இருப்பதால் அது அந்தக் காலத்து அசலா என்று கேட்கிறீர்கள். முத்திரை மட்டும் போதாது. ஷின்-ஓஹாஷி பாலத்தைக் காட்டும் அந்த மழைக்காட்சியில் தணிக்கை முத்திரை, தேதி முத்திரை எல்லாமே மரப்பலகையில் செதுக்கி அச்சிட்டவை. பின்னாளில் புதுப் பலகை செதுக்கியவர்கள் முத்திரையையும் சேர்த்தே செதுக்கினார்கள். தாள் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அதனால் உங்களுடையது 20-ம் நூற்றாண்டு மறுபதிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் ஒரு லென்ஸ் வைத்து மழைக்கோடுகளைப் பாருங்கள். பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது ஆப்செட் என்ற இயந்திர அச்சு, அதோடு விஷயம் முடிந்தது. கோடு முழுசாக இருந்தால் தாளைத் திருப்புங்கள். கையால் அச்சிட்டதென்றால் மை பின்பக்கம் ஊறியிருக்கும். பாரென் என்ற தேய்ப்பான் வட்ட வட்டமாக ஓடிய தடமும் சாய்வெளிச்சத்தில் தெரியலாம். எனக்கு அச்சின் முகத்தைவிட அந்த முதுகைப் பார்ப்பதில்தான் ஆசை அதிகம்.

ஆனால் அது கையால் அச்சிட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி, வயதுக்கு அல்ல. வயதுக்கு, அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் அசல் அச்சின் படத்தோடு பாலத்தின் கோடுகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வளைவே மாறியிருந்தால் பலகை வேறு.

அப்புறம், சட்டத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். ஓரத்தையும் வெட்டாதீர்கள், மறுபதிப்பு நிறுவனத்தின் பெயர் பல நேரம் அங்கேதான் இருக்கும்.