போர்க்காலப் படச்சுருளை எடுத்து வீடியோவில் போடலாமா?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் போரிட்ட அமெரிக்க வீரர்களைப் பற்றித் தமிழில் வீடியோ செய்கிறேன். யூடியூபில் கிடைத்த பழைய காட்சிகளைச் சேர்த்தேன். ஒரு நிறுவனம் காப்புரிமை கோரிவிட்டது. அமெரிக்க ராணுவப் படம் யாரும் பயன்படுத்தலாம் என்றுதானே சொல்கிறார்கள்?

பதில்: சொன்னவர்கள் பாதி சரி. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவுப்படி, அரசு ஊழியர் தன் வேலையின் பகுதியாக உருவாக்கியதற்கு அந்த நாட்டில் காப்புரிமை கிடையாது. ராணுவத்தின் சிக்னல் கோர் (தகவல் தொடர்புப் பிரிவு, படமெடுப்பதும் அதன் வேலை) கேமராக்காரர்கள் எடுத்தது இதில் அடங்கும். ஆனால் அதே போரைத் தனியார் நியூஸ்ரீல் (திரையரங்கில் ஓட்டிய செய்திப்படம்) நிறுவனங்களும் படம் பிடித்தன. பிரிட்டன், கனடா ராணுவங்களும் பிடித்தன. யூடியூபில் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. நீங்கள் வெட்டி எடுத்தது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. சிக்கலே அங்கேதான்.

1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய பிரான்சின் நார்மண்டி என்றதும் எல்லோரும் போடும் ஒரு காட்சியைப் பாருங்கள். படகின் கதவு திறக்கிறது, வீரர்கள் இறங்குகிறார்கள், எதிரே கரையில் ஒரு பெரிய வீடு. 'ஒமாஹாவில் அமெரிக்கர்கள்' என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். ஒமாஹா அமெரிக்கர்கள் இறங்கிய கடற்கரை. ஆனால் காட்சியில் இருப்பது வேறொன்று, ஜூனோ கடற்கரையின் பெர்னியேர்-சுர்-மேர் என்ற ஊர். இறங்குபவர்கள் கனடா வீரர்கள். தலைக்கவசத்தைப் பார்த்தாலே தெரியும், அமெரிக்கர்களுடையது அந்த வடிவம் இல்லை. இங்கே காப்புரிமையைவிடப் பெரிய தொல்லை, உங்கள் வரலாறே தப்பாகிவிடும்.

அதனால் யூடியூப் பிரதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மூலத்துக்குப் போங்கள். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் திரைப்படப் பிரிவு மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் இருக்கிறது. அதன் இணைய அட்டவணையில் தேடக் கட்டணம் இல்லை. டிஜிட்டல் ஆக்கியவற்றைத் தரவிறக்கவும் செய்யலாம். சிக்னல் கோர் படங்கள் ஆவணத் தொகுதி 111-இல், விமானப் படையினுடையவை 342-இல். 111 என்ற எண்ணோடு ஏ, டி, சி என்ற ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தேடினால் வெட்டி ஒட்டாத மூலச் சுருள்கள் வரும். யுனிவர்சல் நிறுவனமும் தன் நியூஸ்ரீல்களை 1974-இல் இந்தக் காப்பகத்துக்கே கொடுத்து, உரிமையையும் விட்டுவிட்டது. மற்ற நிறுவனங்களுடையவற்றை அப்படி நினைத்துவிட வேண்டாம்.

படத்தோடு விவரக் குறிப்பும் இருந்தால் விடாதீர்கள். என்னைக் கேட்டால் படத்தைவிட அதற்குத்தான் மதிப்பு. அன்று போர்க்களத்தில் கையில் பிடித்து எடுத்த ஐமோ கேமராவில் வழக்கமான சுருள் 100 அடி, ஓடினால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். பெரும்பாலும் ஒலியும் கிடையாது (நீங்கள் கேட்கும் குண்டுச் சத்தம் பிறகு யாரோ சேர்த்தது). சுருளைக் கழுவிப் படமாக்குவது வேறு இடத்தில் என்பதால், எங்கே, என்றைக்கு, எந்தப் படைப்பிரிவு என்று கேமராக்காரர் எழுதி அனுப்ப வேண்டும். 1945 மார்ச் 6 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரத் தேவாலயத்தருகே ஜெர்மன் பாந்தர் டாங்கி எரிந்ததை சிக்னல் கோர் கேமராக்காரர் ஜிம் பேட்ஸ் படம் பிடித்தார் என்று இன்று ஆள், இடம், தேதியோடு சொல்ல முடிகிறதே, அதுபோலச் சொல்ல முடியாத காட்சியைப் 'போர்க்காலக் காட்சி' என்று மட்டும் குறிப்பிடுங்கள்.

இப்போது வந்திருக்கும் கோரிக்கை. காப்புரிமை இல்லாத பொதுப் படத்தை ஸ்கேன் செய்து விற்கும் நிறுவனங்களின் பிரதியோடு உங்களுடையது ஒத்துப்போனால், யூடியூபின் தானியங்கி முறையே கோரிக்கை போட்டுவிடும். உங்கள் காட்சி காப்பகத்தில் இருந்தால், அந்தப் பக்கத்தின் இணைப்பைக் கொடுத்து மறுப்புப் பதிவு செய்யுங்கள். அவர்கள் சேர்த்த இசையோ வர்ணனையோ உங்கள் வீடியோவில் இருந்தால் மறுக்காமல் நீக்கிவிடுங்கள், அது அவர்களுடையதுதான்.

முன்னாள் வீரர்களின் பேட்டிகளுக்கு வேறு கணக்கு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000-இல் தொடங்கிய வீரர்கள் வரலாற்றுத் திட்டத்தில் பேட்டிகள் குவிந்திருக்கின்றன. அரசு நூலகத்தில் இருப்பதாலேயே அவை பொதுவாகிவிடாது. உரிமை பேசியவரிடமோ குடும்பத்திடமோ இருக்கலாம், அனுமதி கேளுங்கள். அதற்கு நேரமில்லை என்றால், 1984 ஜூன் 6 அன்று நார்மண்டியின் புவான்ட் து ஹாக் என்ற இடத்தில், அங்கே போரிட்ட அமெரிக்க ரேஞ்சர் சிறப்புப் படையின் முன்னாள் வீரர்கள் முன்னால் அன்றைய அதிபர் ரீகன் பேசியதை வெள்ளை மாளிகைக் குழுவே எடுத்திருக்கிறது. ரீகன் நூலகத்தில் அந்தப் பதிவைத் தேடுங்கள், தொலைக்காட்சிகள் எடுத்ததை அல்ல.