பென் டேப்லெட்டில் கோடு நடுங்குகிறதா?

கேள்வி: பள்ளி நாட்களில் பென்சில் ஓவியம் ஓரளவு நன்றாகவே வரைவேன். கம்ப்யூட்டரில் பழகலாம் என்று திரை இல்லாத பென் டேப்லெட் ஒன்று வாங்கினேன் (பலகையில் பேனாவால் வரைந்தால் கோடு மானிட்டரில் விழும்). கோடுகள் நடுங்குகின்றன, வட்டம் போட்டால் முட்டையாகிறது, வண்ணம் தீட்டினால் எல்லாம் அழுக்காகத் தெரிகிறது. திரையுள்ள டேப்லெட் வாங்கினால் சரியாகுமா? – கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் வட்டம் முட்டையாவது மட்டும்தான் முழுக்கக் கருவியைச் சேர்ந்தது. அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.

உங்கள் மானிட்டர் பெரும்பாலும் 16:9 விகிதத்தில் இருக்கும். சிறிய டேப்லெட்டுகள் பலவற்றில் வரையும் பரப்பு 6 அங்குலத்துக்கு 4 அங்குலம், அதாவது 3:2. இதை அப்படியே முழுத் திரைக்கும் விரித்தால் படம் அகலவாட்டில் இழுபடும். கை வட்டம்தான் போடுகிறது. திரையில் அது படுத்த முட்டையாக விழுகிறது. டேப்லெட்டுக்கான டிரைவர் மென்பொருளைத் திறந்து, வரையும் பரப்பைத் திரையின் விகிதத்துக்குப் பொருத்துங்கள். 6 அங்குல அகலத்துக்கு உயரம் சுமார் 3.4 அங்குலமாகக் குறையும். மிச்ச இடம் சும்மா கிடக்கட்டும். டேப்லெட் மானிட்டருக்கு நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள்; கொஞ்சம் திரும்பியிருந்தாலும் நேர்கோடுகள் சாய்ந்துவிடும்.

அடுத்து நடுக்கம். காகிதத்தில் பென்சில் உரசும், அந்த உரசலே கையைக் கட்டுக்குள் வைக்கும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் அந்தப் பிடிமானம் கிடையாது. ஒரு வெள்ளைத்தாளை டேப்லெட்டின் மேல் ஒட்டி, அதன் மேல் வரைந்து பாருங்கள். தாளை ஊடுருவியும் பேனா வேலை செய்யும். முனை சற்றுச் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். மாற்று முனைகள் பெரும்பாலும் பெட்டியிலேயே இருக்கும்.

இதைவிடப் பெரிய காரணம், படத்தை மிகவும் பெரிதாக்கிக்கொண்டு வரைவது. ஒரு கண்ணை வரைவதற்காக 400 சதவீதத்துக்குப் போய், விரலை மட்டும் அசைத்து, மயிர் மயிராகக் கோடுகளை ஒட்டவைக்கும் பழக்கம் புதியவர்கள் பலரிடமும் உண்டு. முழுப் படமும் தெரியும்படி வைத்து, முழங்கையிலிருந்து கையை ஓட்டுங்கள். தொடக்கத்தில் ஒரு புள்ளி, முடிவில் ஒரு புள்ளி வையுங்கள். பேனாவைத் தூக்கியபடியே இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரே வீச்சில் இழுங்கள். பார்வை போய்ச்சேர வேண்டிய புள்ளியில் இருக்க வேண்டும். கோடு தவறியதும் அதை அழிக்கக் கண்ட்ரோல்-இசட் அழுத்த விரல் துடிக்கும். பயிற்சி நேரத்திலாவது அதைத் தொடாதீர்கள்.

இலவசமாகவே கிடைக்கும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் உங்களுக்குத் தாராளமாகப் போதும். அதில் கோட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் இருக்கிறது. கொஞ்சமாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. கூட்டிக்கொண்டே போனால் கோடு பேனாவுக்குப் பின்தங்கி வரும், கூர்மையான திருப்பங்கள் மழுங்கும். அப்படி வழுவழுவென்று வரும் கோடுகள் யார் வரைந்தாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. எனக்கு அவை பிடிப்பதில்லை.

அழுக்கு வண்ணத்துக்கு வேர் கண்ணில் இருக்கிறது. எது வெளிச்சம், எது நிழல் என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கு முன்பே நிறத்துக்குத் தாவிவிட்டீர்கள். கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதற்குப் பயிற்சி வகுப்பு தேட வேண்டியதில்லை. பக்கத்திலேயே தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இருக்கிறது. கல் முழுவதும் ஏறக்குறைய ஒரே நிறம். வடிவத்தைக் காட்டுவது ஒளியும் நிழலும் மட்டும்தான். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது ஒரு சின்ன நோட்டும் பால்பாயிண்ட் பேனாவுமாகப் போய் உட்காருங்கள். ரப்பர் வேண்டாம். ஓவியர் சில்பி இப்படிக் கோயில் கோயிலாகச் சென்று, சிற்பங்களின் முன்னால் அமர்ந்து வரைந்தவர்தான்.

தாராசுரம் கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. ஓர் உடலைக் கையால் மறைத்தால் யானை, மற்றதை மறைத்தால் காளை. அதை வரையும்போது விலங்குகளை மறந்துவிட்டு, கால்களுக்கு இடையில் தெரியும் வெற்றிடங்களின் வடிவத்தை முதலில் வரையுங்கள். ‘யானைக் கால் இப்படித்தான் இருக்கும்’ என்று மனம் சொல்வதை வரையாமல், எதிரில் இருப்பதை வரையக் கை அப்போதுதான் பழகும். பிறகு கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நுணுக்கங்கள் மங்கி, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று திட்டுகளே மிஞ்சும். அவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். போனில் படம் எடுத்துவந்தும் வரையலாம்தான். ஆனால் மிக அருகிலிருந்து எடுத்தால் முன்னால் இருக்கும் பகுதி புடைத்துத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அதே படத்தைக் கிரிட்டாவில் மூன்று சாம்பல் நிறங்களில் போடுங்கள். விளிம்பு கூர்மையான ஒரே பிரஷ் போதும். புகைபோல் பரவும் ஏர்பிரஷ் பக்கம் சில வாரங்களுக்குப் போகாதீர்கள். இந்தச் சாம்பல் படம் தூரத்திலிருந்தும் புரிகிறது என்றால் வண்ணத்துக்குப் போகலாம். நிழலுக்கு அதே நிறத்தில் கறுப்பைக் கலந்தாலும் அழுக்காகும். மஞ்சளின் நிழலைப் பழுப்புப் பக்கமும் சிவப்பின் நிழலை ஊதாப் பக்கமும் தள்ளிப் பாருங்கள். சந்தேகம் வந்தால், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் (படத்தின் மேல் விரிக்கும் தனி அடுக்கு) திறந்து கறுப்பால் நிரப்பி, கீழுள்ள படத்தோடு அது கலக்கும் முறையான பிளெண்டிங் மோடைக் ‘கலர்’ என்று மாற்றுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். முகமும் பின்னணியும் ஒரே சாம்பலாக இருந்தால் கோளாறு எங்கே என்று பிடிபட்டுவிடும். கிரிட்டாவில் ‘எம்’ விசையை அழுத்தினால் படம் இடவலமாகத் திரும்பும். கோணல் மூக்கு அப்போது தப்பாது.

திரையுள்ள டேப்லெட்டின் உண்மையான வசதி, கை போகும் இடத்தைக் கண் நேரில் பார்ப்பதுதான். நுணுக்கமான மைக்கோட்டு வேலை தினமும் செய்யும் நிலை வந்தால் அது பணத்துக்குத் தகுந்த பொருள். அப்போது கழுத்தைக் குனிந்தே வரைய வேண்டியிருக்கும், ஆகவே சாய்வு ஸ்டாண்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.