கியூபாவுக்கு ஒரு கப்பல் கோதுமை அனுப்பி என்ன ஆகிவிட்டது? தடைக்கு எதிரான வெளிநாட்டு ஆதரவு இயக்கங்களால் பயன் உண்டா?

கேள்வியோடு இந்த விளக்கமும் இருக்கிறது: "1992-இல் இந்தியாவிலிருந்து 10,000 டன் கோதுமை போனதாம். ஒரு நாட்டுக்கு அது எத்தனை நாளைக்கு வரும்? இன்றும் எங்கள் கல்லூரி வாசலில் கியூபாவுக்கு மருந்து என்று உண்டியல் குலுக்குகிறார்கள். அமெரிக்கத் தடையோ 60 ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே இருக்கிறது. இதெல்லாம் மனத்திருப்திக்கான நாடகம்தானே?"

தம்பி (தங்கையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்), உண்டியலில் காசு போட்டுவிட்டு வீட்டில் ஏச்சு வாங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். போடாமல் நழுவியவருக்கு இத்தனை கோபம் வராது.

முதலில் உங்கள் கணக்குக்கே வருகிறேன். 10,000 டன் என்பது 1 கோடி கிலோ. அன்று கியூபாவின் மக்கள்தொகை 1 கோடியே 7 லட்சத்துக்கு மேல். தலைக்கு ஒரு கிலோகூட முழுதாக வராது. நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவள். இந்த வகுத்தலை அப்போதே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ரசீதுப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். எனவே ஏமாந்த கூட்டம் என்று எங்களை நினைக்க வேண்டாம்.

அந்த ஆண்டு கியூபா இருந்த நிலையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1962-இல் அமெரிக்க அதிபர் கென்னடி முழு வணிகத் தடையை விதித்தபோது அந்தத் தீவுக்குச் சோவியத் துணை இருந்தது. 1991-இல் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது. வெளிநாட்டு வணிகத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஒரே மூச்சில் போயிற்று. எண்ணெய் இல்லை, பஸ் ஓடவில்லை. சீனாவிலிருந்து லட்சக்கணக்கில் சைக்கிள்களை இறக்கினார்கள். சோப்பு கிடைக்கவில்லை. சத்துக் குறைவால் நரம்பு பாதித்து, 1992-93-இல் 50,000 பேருக்கு மேல் கண் மங்கியோ கைகால் மரத்தோ போனார்கள். நாடு முழுவதற்கும் வைட்டமின் மாத்திரை கொடுத்துத்தான் அதைக் கட்டுப்படுத்தினார்கள். இந்த நேரம் பார்த்து, 1992 அக்டோபரில் அமெரிக்கா இன்னொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. கியூபாவில் சரக்குக்காக நின்ற கப்பல் அடுத்த 180 நாட்களுக்கு அமெரிக்கத் துறைமுகம் எதிலும் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது. டாரிசெல்லி சட்டம் என்பார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ஹர்கிஷன் சிங் சுர்ஜித் 10,000 டன் கோதுமை அனுப்புவோம் என்று அறிவித்தார். கோதுமை விளையும் ஊர்களில் தானியமாகக் கொடுக்கலாம். கரிசல் காட்டில் எங்கே போவது? எங்களுக்குக் காசு வசூல். நான் அப்போது கோவில்பட்டிக் கிளையில் இருந்தேன். கட்சி உறுப்பினராக நான் அன்றும் இருந்ததில்லை, இன்றும் இல்லை. வங்கி ஊழியர் சங்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். இதை முன்கூட்டியே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் எனக்கு உறுப்பினர் அட்டை அச்சடித்தே கொடுத்துவிடுவார்கள்.

கடைத்தெருவில் ஏச்சுக்குக் குறைவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்தியாவே தங்கத்தை இங்கிலாந்துக்கு அனுப்பி அடகு வைத்திருந்தது. "நம் வீட்டுத் தாலி சேட்டுக் கடையில் இருக்கிறது, நீங்கள் அடுத்த வீட்டுக்குச் சீர் கொண்டு போகிறீர்களா?" என்று ஒரு பருத்தி வியாபாரி கேட்டார். கேட்டுவிட்டு ஐம்பது ரூபாய் கொடுத்தார். இப்படிப்பட்டவர்களை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தீப்பெட்டி ஆபீஸ்களில் நடந்தது வேறு மாதிரி. கட்டையில் குச்சி அடுக்குகிற பெண்களுக்குக் கூலி, அடுக்கிய கட்டைக் கணக்குக்குத்தான். நின்று பேசினால் கூலி போகும். அதனால் அவர்கள் கையை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல் பேசுவார்கள். ஒரு வயதான அம்மா, "எந்த ஊருக்கு வசூல் தாயி?" என்று கேட்டார். கியூபா என்றேன். அது எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. "கடையில் சாமான் தரக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டிருக்கிறார்களா?" என்று கேட்டார். ஆமாம் அம்மா என்றேன். "யார் போட்டது?" அமெரிக்கா என்றேன். இரண்டு ரூபாயை முந்தியிலிருந்து அவிழ்த்து எடுக்கச் சொன்னார். அவர் கை குச்சியில் இருந்தது, நான்தான் முடிச்சை அவிழ்த்தேன். ஊர்விலக்கு என்றால் என்ன என்பதை அந்த அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கடையில் சாமான் கிடையாது, கிணற்றில் தண்ணீர் கிடையாது, விலக்கப்பட்டவனோடு பேசியவனுக்கும் அபராதம் உண்டு. அந்தக் கடைசி விதியில்தான் ஊர்விலக்கின் உயிர் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். வசூலுக்குப் பெண்களை அனுப்பினார்கள், ஏனென்றால் பெண்கள் கேட்டால் இல்லை என்று சொல்லத் தயங்குவார்கள் என்று சங்கத்துக்குத் தெரியும். நிதி ஒப்படைப்புக் கூட்டம் நடந்தபோது மேடையில் பதினைந்து நாற்காலி, பதினைந்திலும் ஆண்கள். வசூலித்தவர்கள் பெயரை வாசித்தார்கள். எங்கள் நான்கு பேரையும் சேர்த்து "மகளிர் தோழர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ரசீதுப் புத்தகங்களை வரிசை எண் பிசகாமல் கணக்கு முடித்துக் கொடுத்தது நாங்கள்தான். முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன, எனக்கு ஆறவில்லை. உங்கள் கல்லூரியில் உண்டியல் குலுக்குவது யார், மேடையில் பேசுவது யார் என்று கொஞ்சம் பாருங்கள்.

சரி, கப்பலுக்கு வருகிறேன். 'கரீபியன் பிரின்சஸ்' என்ற கப்பலில் கோதுமை போய்ச் சேர்ந்தது. தலைக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான கோதுமையால் பசி தீர்ந்ததா என்றால், தீரவில்லை. பிறகு எதற்கு என்பதற்கான பதில் எனக்குக் கோவில்பட்டியில் கிடைக்கவில்லை. சென்னையில், அந்நியச் செலாவணிக் கிளையில் உட்கார்ந்தபோதுதான் கிடைத்தது.

2000-களின் நடுவில் ஒருவர் வந்தார். மகன் செஸ் ஆடுகிறவன். ஹவானாவில் ஆண்டுதோறும் காபாபிளாங்கா நினைவுப் போட்டி நடக்கும். அதற்குப் போக வேண்டும். கனடாவிலிருந்த ஒரு பயண முகவருக்குச் சில நூறு டாலர் அனுப்பினார். பணம் இந்தியாவுடையது, போவது கனடாவுக்கு, ஆடப்போவது தமிழ்ப் பையன். இதில் அமெரிக்காவுக்கு என்ன வேலை? டாலர் என்று ஒன்று இருக்கிறதே! எங்கள் வங்கியின் டாலர் கணக்கு, நாஸ்ட்ரோ என்போம், நியூயார்க்கில் இருக்கிறது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு டாலர் போனாலும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். வங்கிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் செய்தியின் விவரப் பகுதியில் 'ஹவானா செஸ் போட்டி, தங்குமிடம்' என்று இருந்தது. அங்கே கணினி அந்த ஊர்ப் பெயரைப் பார்த்தது, பணத்தைப் பிடித்துவிட்டது. திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை. கியூபா மீதான அமெரிக்க விதிப்படி அதை முடக்கி வைப்பார்கள். எடுக்க வேண்டுமானால் அமெரிக்க நிதித்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தகப்பன் என் மேசை முன் உட்கார்ந்து, "நான் யாருக்கு அம்மா தப்புச் செய்தேன்?" என்று கேட்டார். வேறு இடத்தில் கடன் வாங்கிக் கனடா டாலரில் மறுபடி அனுப்பினார், பையன் போனான். முடங்கிய பணம் நான் அந்தக் கிளையில் இருந்தவரை திரும்பவில்லை.

(இதே போட்டிக்கு 1965-இல் அமெரிக்கர் பாபி ஃபிஷரைப் போகவிடவில்லை அவர் நாட்டு அரசு. அவர் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு டெலிடைப் வழியாகவே காய் நகர்த்தி ஆடினார். இதையும் அந்தச் செஸ் பையன்தான் எனக்குச் சொன்னான்.)

தடை என்றால் கடலில் போர்க்கப்பல் நிற்கும் என்று நினைக்கிறோம். காசாவைச் சுற்றி அப்படி நிற்கிறது. கியூபாவைச் சுற்றி 1962 ஏவுகணை நெருக்கடியின்போது நின்றது. அதன் பிறகு வேலையைப் பயம் பார்த்துக்கொள்கிறது. கப்பல் முதலாளிக்கு 180 நாள் பயம். வங்கிக்கு அபராதப் பயம்: 2014-இல் பிரெஞ்சு வங்கி பிஎன்பி பரிபா சூடான், ஈரான், கியூபா பரிவர்த்தனைகளுக்காக அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 890 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தி வந்தபிறகு எந்த வங்கியில் எந்த மேலாளர் கியூபா என்ற பெயருள்ள தாளில் கையெழுத்துப் போடுவார்? சட்டம் தடுக்காத இடத்திலும் தானாகவே கையை இழுத்துக்கொள்வார். உணவும் மருந்தும் தடையில் இல்லை என்று எழுதப்போகிறவர்களுக்கும் இதுதான் பதில். 2000-த்துக்குப் பிறகு அமெரிக்க உணவைக் கியூபா வாங்கலாம், உண்மை. முன்பணமாக ரொக்கம் கட்ட வேண்டும், கடன் கிடையாது. மருந்துக்கு உரிமம், அது யாரிடம் போனது என்பதற்குச் சரிபார்ப்பு. அந்நியச் செலாவணி கையில் இல்லாத நாட்டிடம் இதைச் சொன்னால் என்ன பொருள்?

இந்த இடத்தில்தான் ஒரு கப்பல் கோதுமைக்கு எடை கூடுகிறது. பயப்பட வேண்டிய நேரத்தில் ஒரு கப்பல் பெயரோடு, கொடியோடு, பத்திரிகையில் படத்தோடு போய் நின்றது. இதை எங்களைவிட நன்றாகச் செய்தவர்கள் அமெரிக்கர்களே. லூசியஸ் வாக்கர் என்ற பாப்டிஸ்ட் பாதிரியார், நிகரகுவாவில் அமெரிக்க ஆதரவு பெற்ற கான்ட்ரா கலகப் படையின் குண்டுபட்டுப் பிழைத்தவர், 'அமைதிக்கான பாதிரியார்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 1992 முதல் அமெரிக்காவிலிருந்தே மருந்து, மிதிவண்டி, பள்ளிப் பொருள்கள் ஏற்றிக்கொண்டு, மெக்சிகோ வழியாகக் கியூபாவுக்கு அனுப்ப எல்லையைத் தாண்டினார்கள். உரிமம் கேட்டு விண்ணப்பித்திருக்கலாம். பக்கத்து வீட்டுக்கு மருந்து கொடுக்க அரசிடம் அனுமதி கேட்க மாட்டோம் என்று வேண்டுமென்றே கேட்கவில்லை. 1993-இல் டெக்சாஸ் எல்லையில் லாரெடோவில் ஒரு சின்ன மஞ்சள் பள்ளிப் பேருந்தை அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். உள்ளே இருந்தவர்கள் இறங்க மறுத்தார்கள். கோடை வெயில், பஸ்ஸுக்குள்ளேயே உண்ணாவிரதம், 23 நாள். கடைசியில் அரசு பஸ்ஸை விட்டது. அது கியூபாவுக்குப் போனது. ஒரு பழைய பஸ்ஸின் விலை என்ன இருக்கும்? அதைத் தடுத்து நிறுத்தியதை நியாயப்படுத்த அமெரிக்க அரசுக்கு வாய் வரவில்லை என்பதுதான் அங்கே கிடைத்த லாபம்.

தடை நீங்கிவிட்டதா என்றால் இல்லை. 1996-இல் ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம் வந்து இன்னும் இறுகியது. ஆனால் இந்தக் கணக்கையும் பாருங்கள். 1992-இல் ஐ.நா. பொதுச்சபையில் தடைக்கு எதிரான தீர்மானத்துக்கு ஆதரவு 59 நாடுகள். 71 நாடுகள் ஒதுங்கி நின்றன. 2024-இல் ஆதரவு 187, எதிர்ப்பு அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டும். ஒதுங்கி நின்ற அத்தனை நாடுகளும் உண்டியலைப் பார்த்துத்தான் மாறின என்று நான் உளற மாட்டேன். 2025-இல் அது 165 ஆகக் குறைந்ததையும் மறைக்க மாட்டேன். ஒதுங்கி நிற்பவரை வெட்கப்பட வைக்க யாராவது ஓயாமல் சத்தம் போட வேண்டும், அதைச் செய்தவர்கள் இவர்கள்.

கியூபா சொர்க்கம் என்று நான் எங்கும் எழுதவில்லை. 2021 ஜூலையில் உணவும் மின்சாரமும் கேட்டுத் தெருவுக்கு வந்தவர்களில் நூற்றுக்கணக்கானோரைச் சிறையில் போட்டது அந்த அரசு. அவர்களுடைய விவசாயக் கொள்கையிலும் நாணயக் கொள்கையிலும் உள்ள கோளாறு எல்லாவற்றையும் வாஷிங்டன் தலையில் கட்ட முடியாது. ஆனால் ஓர் அரசு சரியில்லை என்பதற்காக அந்த ஊர்க் குழந்தைக்கு ஊசி போகக்கூடாது என்ற வாதம் எனக்குப் பிடிபடவில்லை. அதே 2021-இல் கியூபா சொந்தமாகக் கொரோனா தடுப்பூசி தயாரித்தது. போட சிரிஞ்சு போதவில்லை. அமெரிக்கா உட்படப் பல நாடுகளிலிருந்து ஆதரவுக் குழுக்கள் லட்சக்கணக்கில் சிரிஞ்சு அனுப்பின. தலைக்கு ஒரு கிலோ கணக்குப் போட்டுச் சிரித்தவர்கள் இதற்கும் ஒரு வகுத்தல் போடட்டும்.

காஷ்மீர், ஈழம் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கப்போகிறவர்கள் அதற்கென்று தனிக் கேள்வி கேளுங்கள், எழுதுகிறேன்.

உங்கள் உண்டியல் விஷயம். ரசீது கொடுக்கிறார்களா, எந்த அமைப்பின் வழியாகப் போகிறது என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். நீங்களாகவே சங்கம் வைத்துத் திரட்டி வெளிநாட்டுக்கு அனுப்பப் புறப்பட வேண்டாம், அதற்கான ரிசர்வ் வங்கி விதிகள் வேறு. ஏற்கனவே முறைப்படி செய்கிறவர்களிடம் சேர்த்துவிடுங்கள். பணத்தைவிட மருந்தாகப் போவது நல்லது. பணம்தான் என்றால் டாலரில் வேண்டாம், யூரோவில் அனுப்ப முடியுமா என்று வங்கியில் முதலிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கவுண்டரில் இருப்பவர் முகம் சுளிப்பார். நானும் சுளித்திருக்கிறேன், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.