தானியங்கித் தொலைபேசி நிலையம் பிறந்ததற்கு ஆபரேட்டர்களின் ஓரவஞ்சனைதான் காரணமா?

தொலைபேசி நிலையத்தில் அழைப்புகளைக் கையால் இணைத்துவிடும் போர்டில் பதினோரு ஆண்டுகள் ஆபரேட்டராக அமர்ந்து வேலை பார்த்தவள் என்பதால் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை. கேட்டவர், அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரௌஜரின் கதையைப் படித்திருக்க வேண்டும். போட்டியாளரின் மனைவியே ஆபரேட்டராக இருந்து, தமக்கு வரவேண்டிய அழைப்புகளைக் கணவருக்குத் திருப்பிவிட்டதாக அவர் சந்தேகித்தார் என்றும், அந்த ஆத்திரத்தில்தான் ஆளில்லாமல் இணைக்கும் கருவியைச் செய்தார் என்றும் சொல்வார்கள். 1891இல் காப்புரிமை கிடைத்தது. 1892 நவம்பர் 3 அன்று இந்தியானா மாநிலத்து லா போர்ட் நகரில் அவரது முறையில் முதல் நிலையம் இயங்கத் தொடங்கியது. பெண் இல்லாத, வசை இல்லாத, பழுது இல்லாத, காத்திருப்பு இல்லாத தொலைபேசி என்று அதற்கு விளம்பரம் வேறு! வசை பாடியதாக அறியப்பட்டவர்கள் தொடக்கத்தில் வேலைக்கு வைக்கப்பட்ட பையன்கள். அவர்களின் முரட்டுப் பேச்சைப் பொறுக்க முடியாமல்தான் 1878 செப்டம்பரில் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை நியமித்தார்கள்.

எங்கள் ஊர் போர்டு நூறு இணைப்புகளைக் கொண்ட மேக்னெட்டோ வகையைச் சேர்ந்தது. சந்தாதாரர் தம் கருவியின் கைப்பிடியைச் சுற்றினால், போர்டில் அவருடைய எண்ணுக்குரிய சின்னஞ்சிறு ஷட்டர் 'டக்' என்று கீழே விழும். நாங்கள் பிளக்கைச் செருகி எண்ணைக் கேட்டு, மறுமுனைப் பிளக்கை உரிய ஜாக்கில் செருகி மணியடிப்போம். பேசி முடித்ததும் அவர் மீண்டும் ஒருமுறை கைப்பிடியைச் சுற்றினால்தான், பேச்சு முடிந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

1979இல், ஒரே தெருவில் எதிரெதிரே கடை வைத்திருந்த இரண்டு மஞ்சள் வியாபாரிகளில் ஒருவர், தமக்கு வரும் அழைப்புகளை நான் எதிர்க்கடைக்குக் கொடுப்பதாக மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். எதிர்க்கடைக்காரர் எனக்குத் தூரத்து உறவு என்பது ஊரறிந்த செய்தி. அதை நான் மறைக்கவில்லை. நடந்தது வேறு. புகார் கொடுத்தவர் பேசி முடித்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றவே மாட்டார். பிளக் செருகியபடியே கிடக்கும். ஈரோட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் லைன் பேச்சில் இருப்பதாகவே நாங்கள் சொல்வோம். அவர்களும் எதிர்க்கடையைக் கேட்டு வாங்கிவிடுவார்கள். இடையில் புகுந்து, பேசி முடித்தாயிற்றா என்று கேட்பதும் எங்கள் வேலைதான். அப்படி ஒருமுறை கேட்டதற்கு, "ஏம்மா, ஒட்டுக் கேட்கிறாயா?" என்று கத்தினார். அதன்பிறகு அவர் லைனில் மட்டும் நான் புகுவதில்லை. அது என் வீம்பு. அந்த அளவுக்கு என் தவறும் உண்டு.

இயந்திரமே வேண்டாம் என்று இவள் சொல்கிறாள் என யாரும் கருத்துப் பகுதியில் சண்டைக்கு வர வேண்டாம். 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் தொடங்கிய நிலையத்தில் இருந்தவர்கள் 21 சந்தாதாரர்கள். வண்டிகளுக்குப் போடும் போல்ட்டுகளையும் தேநீர்க் கெண்டி மூடியின் பிடிகளையும் வைத்தே அந்தப் போர்டைச் செய்துவிட்டார்கள். பல்லாயிரம் பேர் சேர்ந்துவிட்ட பெருநகரத்தில், கேட்கும் எண் பெரும்பாலும் வேறொரு நிலையத்தில் இருக்கும்; அங்கிருக்கும் ஆபரேட்டரிடம் சொல்லி, அவர் இணைக்கும்வரை காத்திருக்க வேண்டும். நகரம் பெருகப் பெருக இதற்கு எத்தனை பெண்களை வைத்தாலும் போதாது. என் கணிப்பில், இயந்திரத்தைக் கொண்டுவந்தது இந்தக் கணக்குதான். ஆபரேட்டர்களின் ஓரவஞ்சனை காரணமென்றால், அமெரிக்காவின் பெரும்பகுதித் தொலைபேசிகளை நடத்திய பெல் நிறுவனம், ஸ்ட்ரௌஜர் வழி காட்டிய பிறகும் 1919 வரை டயல் முறைக்குப் பரவலாக மாறாமல் இருந்திருக்குமா?

இந்தியாவில் சிம்லாவுக்கு 1913-14லேயே தானியங்கி நிலையம் வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு 1986இல்தான் வந்தது. போர்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் புகார்ப் பிரிவுக்கு மாறியிருந்தேன். சில வாரங்கள் கழித்து அதே மஞ்சள் வியாபாரி, காலையிலிருந்து ஓர் அழைப்புகூட வரவில்லை என்று நேரில் வந்தார். லைன்மேன் போய்ப் பார்த்தபோது, அவர் வீட்டுப் பேரன் விளையாடிவிட்டு ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தது தெரிந்தது. அது தெரிவதற்கு முன்பே அவர் என் மேசைக்கு எதிரில் நின்று கேட்டுவிட்டார்: "இன்றைக்கு போர்டில் எந்தப் பொண்ணு?"