சொக்சோ, விபத்துக்கு மட்டும் இல்லை

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சுங்கை சிப்புட்டில் மலிவு விலை வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 34 வயது. கணவர் செம்பனை ஆலையில் வேலை செய்தவர். 39 வயதில், வீட்டிலேயே நெஞ்சுவலி வந்து தவறிவிட்டார். நான்கு மாதம் ஆகிறது. மூன்று பிள்ளைகள்: இரண்டாம் படிவம், நான்காம் ஆண்டு, கடைக்குட்டிக்கு ஐந்து வயது. கோயிலில் அரிசி, எண்ணெய் கொடுத்தோம், தீர்ந்துவிட்டது. மூத்தவன் பள்ளிக்கு ஒழுங்காகப் போவதில்லை. அவனுக்கு வாரம் ஒருநாள் பாடம் சொல்லிக்கொடுக்க நினைக்கிறேன். அந்தப் பெண் உதவி கேட்டு எங்கே போக வேண்டும்? பையனுக்கு என் பழைய கைப்பேசியைக் கொடுக்கலாமா?

பதில்: டீச்சர், பாடத்தை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். நான்கு மாதம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. 60 வயது ஆகுமுன் இறந்த உறுப்பினரின் குடும்பத்துக்கு ஊழியர் சேமநிதி வாரியம் 2,500 வெள்ளி மரண உதவி தருவதுண்டு. அது அவருடைய சேமிப்பில் சேராத தனிப் பணம். மனு, இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போயாக வேண்டும். உங்கள் கையில் இருப்பது இரண்டே மாதம். சேமிப்பை எடுக்கப் போகும்போது அவர் வாரிசாக யார் பெயரைக் கொடுத்திருந்தார் என்றும் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன்பு கொடுத்த அம்மா பெயரே அப்படியே கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். "வேலையில் அடிபட்டால்தானே சொக்சோ, அவர் வீட்டில் இல்லையா செத்தார்" என்று அந்தப் பெண்ணிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். தோட்டப்புறத்தில் எத்தனையோ விதவைகளைக் கதவோடு திருப்பி அனுப்பிய பேச்சு இது. வேலை விபத்துக்கு ஒரு திட்டம் இருக்கிறது, சரி. அதோடு இன்னொரு திட்டமும் சம்பளச் சீட்டில் மாதா மாதம் பிடிக்கப்படுகிறது. 60 வயதுக்குள் இருக்கும் தொழிலாளி எந்தக் காரணத்தால் இறந்தாலும், சந்தா மாதங்கள் போதுமான அளவு இருந்தால், குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம் வரும். மலாயில் பென்சென் பெனாகாட் என்பார்கள். ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிள்ளைகளுக்கு 21 வயது வரை கிடைக்கும். முதல் பட்டப்படிப்பில் இருந்தால் படிப்பு முடியும்வரை. சந்தா போதுமா போதாதா என்று நாம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டாம். ஈப்போ சொக்சோ அலுவலகத்தில் கணவரின் ஐசி, அதாவது அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் அவர்களே பார்த்துச் சொல்வார்கள்.

சிக்கல் வேறொரு இடத்தில் வரலாம். கல்யாணம் பதிவானதா என்று மெதுவாகக் கேளுங்கள், மற்றவர் முன்னால் வேண்டாம். 1982 மார்ச் முதல் நாளிலிருந்து நம்மவர் திருமணம் சட்டப்படி பதிவாக வேண்டும். கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. ஆனாலும் இன்றைக்கும் சிலர் பதியாமலே குடும்பம் நடத்துகிறார்கள். பதிவு இல்லையென்றால் மனைவியின் பங்கில் சிக்கல் வரும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மனம் விட்டுவிடாமல் நேரே அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவுக்குப் போங்கள். காரியத்தை முடித்துத் தருகிறேன் என்று வரும் ஏஜெண்டு யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

இப்போது சமூகநல இலாகா. உங்கள் மாவட்ட அலுவலகம் கோலகங்சாரில் இருக்கிறது. கேட்க வேண்டியது பிள்ளைகளுக்கான உதவித்தொகை. 18 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் கணக்கில் எடுத்துக் கொடுப்பார்கள். விசாரிக்க அதிகாரி வீட்டுக்கு வருவார். வீட்டில் டிவி இருப்பதை நினைத்துப் பயந்து அதைப் பக்கத்து வீட்டில் ஒளித்துவைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். ஏழைக் குடும்பப் பட்டியலான இ-காசே வேறு, இது வேறு. ஒன்றில் பெயர் இருந்தால் மற்றதில் தானாக வந்துவிடும் என்று காத்திருந்து வருடத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. இரண்டுக்கும் தனித்தனியாக மனுப் போடுங்கள். எஸ்டிஆர் என்ற அரசாங்க ரொக்க உதவி கணவர் பெயரில் வந்திருந்தால் அதையும் புதுப்பிக்க வேண்டும். அவசரம் என்றால் 15999, தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

நான்காம் ஆண்டுப் பிள்ளைக்குப் பள்ளியிலேயே ஆர்எம்டி, அதாவது ஏழைப் பிள்ளைகளுக்கான இலவசச் சாப்பாடு கேட்கலாம். தலைமையாசிரியர் உங்களுக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார். வறிய மாணவர் அறநிதி பற்றியும் அவரிடமே கேளுங்கள். கடைக்குட்டிக்குத் தமிழ்ப்பள்ளியின் பாலர் பள்ளி. கடன் ஏதும் உண்டா என்றும் விசாரித்து வையுங்கள். வங்கிக் கடன் என்றால் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே இலவசமாக ஆலோசனை சொல்லும். ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரர்களின் கடன் அவர்கள் கைக்குள் வராது; மிரட்டல் இருந்தால் போலீஸ் புகார்தான்.

இதையெல்லாம் படித்ததும் நீங்களே மனுப் பாரம் எல்லாவற்றையும் நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கிவிடலாம் என்று தோன்றும். ஆசிரியர் கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் ஒரு குடும்பத்துக்கு எல்லாம் செய்தேன். மறு ஆய்வுக் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. மலாய்க் கடிதம், அந்தம்மா பிரித்துக்கூடப் பார்க்காமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். உதவி நின்றுபோனது. குற்றம் என்னுடையது. அன்றிலிருந்து நான் கூடப் போவேன், முகப்பில் பேச மாட்டேன். பேனா அவர் கையில்தான் இருக்கும். முதல் தடவை அரை நாள் ஆகும், ஆகட்டும். இரண்டு வெள்ளிக்கு ஒரு ஃபைல் வாங்கிக்கொடுங்கள். மரணப் பத்திரம், திருமணப் பத்திரம், பிறப்புப் பத்திரங்கள், ஐசி, சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம், எல்லாவற்றிலும் மூன்று நகல். அந்த ஃபைல் அவர் வீட்டில் இருக்கட்டும், உங்கள் வீட்டில் வேண்டாம்.

மூத்தவனுக்கு வருகிறேன். 14 வயதில் அப்பாவைப் பறிகொடுத்த பையன் பள்ளிக்குப் போகாததற்குக் கணக்கு வராதது காரணமாக இருக்காது. பஸ் காசு, பழைய சப்பாத்து, காலையில் தம்பி தங்கையைக் கிளப்ப ஆளில்லாதது, "இனி நீதான் வீட்டுக்குப் பெரியவன்" என்று துக்க வீட்டில் ஆளாளுக்குச் சொன்னது, இதில் எதுவாகவும் இருக்கலாம். முதல் மூன்று சந்திப்பில் புத்தகத்தைத் திறக்காதீர்கள். சாப்பிட எதையாவது வையுங்கள், அவன் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டாலும் சரி. பிறகு பாடம் என்று வந்தால் மலாய்மொழியும் வரலாறும் போதும். இந்த இரண்டில் தேறாவிட்டால், ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம் பரீட்சையின் சான்றிதழே இல்லை. இடையில் எச்சரித்துவந்த ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆரும் மூன்றாம் படிவ பிடி3யும் எடுக்கப்பட்டுவிட்டன. ஐந்தாம் படிவத்தில் போய்த்தான் விழித்துக்கொள்கிறோம்.

பெண் ஆசிரியை மட்டும் அவனுக்குப் போதாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். கியாட் மாரா, ஐஎல்பி போன்ற தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து வேலைக்குப் போன உள்ளூர்ப் பையன் ஒருவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்திப்பு கோயில் மண்டபத்திலோ நூலகத்திலோ நடக்கட்டும், கதவு மூடிய அறையில் யாரும் பிள்ளையோடு தனியே இருக்கக்கூடாது. இது உங்கள் மேல் சந்தேகத்தால் சொல்வதில்லை. நாளை உங்களுக்குப் பதில் வருபவருக்கும் இதே விதி என்பதால் சொல்கிறேன். ஒரே நாள், ஒரே நேரம், குறைந்தது ஒரு வருடம். முடியாதென்றால் தொடங்காதீர்கள், பாதியில் காணாமல்போகும் பெரியவர் அவனுக்கு இன்னொருவர் வேண்டாம். கோயிலில் உதவி கொடுக்கும்போது அவனை நிறுத்திப் படம் எடுப்பதையும் தடுத்துவிடுங்கள்.

கைப்பேசியைப் பையனுக்குக் கொடுக்காதீர்கள். அம்மாவுக்குக் கொடுங்கள். சேமநிதி, எஸ்டிஆர், வங்கி எல்லாமே ஓடிபி எண்ணைக் கைப்பேசிக்குத்தான் அனுப்புகின்றன. இப்போது அவர் வைத்திருக்கும் சிம் இறந்த கணவர் பெயரில் இருக்கக்கூடும். திங்கட்கிழமை ஈப்போவுக்குப் பஸ் ஏறுவதற்கு முன், அவருடைய ஐசியில் புது சிம் ஒன்று எடுத்துக்கொடுத்துவிடுங்கள்.